நாய்களை நடத்திச் செல்வோருக்கும் இ-பதிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்துள்ள கொரோனா ஊரடங்குத் தளர்வுகளின்படி, மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் போன்ற சுயதொழில் செய்வோர் இ-பதிவு (வெளியே செல்ல அரசு இணையதளத்தில் செய்யும் பதிவு) பெற்று, காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை வேலைக்குச் செல்லலாம். வரவேற்கிறோம். ஆனால், வீட்டு நாய்களைக் கூலிக்கு வாக்கிங் அழைத்துச் செல்லும் எங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. கடந்த ஆண்டு (2020) ஜூன் 24 அன்று மதுரையில் தொடங்கி ஜூலை வரை நீடித்த முழு ஊரடங்கிலேயே கையிருப்பைக் கரைத்துவிட்ட எங்களுக்கு இது இரண்டாவது அடி.

வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். கே.கே.நகர், அண்ணாநகர் பகுதிகளில் எங்களை அழைப்போரில் பலர், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மாடி வீடுகளில் தனியே வசிக்கும் முதியவர்கள். தொற்று உறுதியாகி வீட்டுத் தனிமையில் இருப்பவர்களோ வாசலைத் தாண்டவே கூடாது. வெளியே போய்ப் பழகிய நாய், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு முனகும். ஓடுவதற்கென்றே பிறந்த சிப்பிப்பாறை இன நாயை ஓர் அறைக்குள் அடைத்து வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாடு நன்றாகத் தெரியும். வெளியில் நடமாடக் கடுந்தடை இருந்த ஸ்பெயினில்கூட, 2020 மார்ச்சில், நாயைச் சற்று நேரம் அழைத்துச் செல்ல அனுமதித்தார்கள்.

சென்ற ஆண்டு தளர்வு கிடைத்த பிறகு நாங்கள் வேலை செய்த முறையைச் சொல்கிறேன். உரிமையாளர் நாயை கேட் ஓரம் கட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். வீட்டுச் சங்கிலியைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, எங்கள் கயிற்றை மாட்டி அழைத்துச் செல்வோம். திரும்பியதும் அந்தக் கயிறு சோப்புத் தண்ணீருக்குப் போகும். கூலி ஜிபேயில் வந்துவிடும். வீட்டுக்குள் நுழைந்து குழாய் மாற்றுபவரை அனுமதிக்கும்போது (அவர்கள் பிழைப்பையும் கெடுக்கச் சொல்லவில்லை), யாரையும் நெருங்காத எங்களைத் தடுப்பதில் பொருளில்லை.

இ-பதிவு தருவதானாலும் அதே நேர வரம்பு எங்களுக்கு உதவாது. கத்திரி முடிந்தும் மதுரை வெயில் தணியவில்லை. மாலை 5 மணிக்குத் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்தால் நாயின் பாதம் என்ன பாடுபடும் என்பது விளங்கும். எனவே அதிகாலை 5 முதல் 7 வரையும், மாலை 6 முதல் 8 வரையும், அவரவர் குடியிருப்புப் பகுதிக்குள் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு வீட்டு நாயை அழைத்துச் செல்ல அனுமதிக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாய்ப் பராமரிப்புத் தொழிலாளி,
கே.கே.நகர், மதுரை.
ஜூன் 2021