அண்மையில் பார்த்தவையும் கேட்டவையும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி 2019-இல் வெளியான 'செர்னோபில்' தொடரின் ஐந்து பகுதிகளையும் கடந்த வாரம் பார்த்து முடித்தேன். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும், தொடரை எழுதிய கிரேக் மேசின் எது வரலாறு, எது கற்பனை என்று வானொலித் தொகுப்பாளர் பீட்டர் சேகலிடம் மனம்திறந்து பேசும் பாட்காஸ்ட்டையும் உடனுக்குடன் கேட்டது, தொடரையே மறுமுறை பார்த்த நிறைவைத் தந்தது. உலானா கோம்யுக் என்னும் பாத்திரம் பல அறிவியலாளர்களின் உழைப்பை ஒருவரிடம் திரட்டிக் காட்டும் கற்பனை என்பதைத் தொடரே மறைக்காமல் சொல்லிவிடுகிறது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இசையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். லிதுவேனியாவில் மூடப்பட்ட இக்னாலினா அணுமின் நிலையத்துக்குள் பதிவு செய்த ஒலிகளைக் கொண்டே ஹில்தூர் குட்னாடோட்டிர் அதை அமைத்திருக்கிறார். விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். வெறும் இயந்திர இரைச்சலாகத் தொடங்குவது மெல்ல மெல்ல அச்சமாகவே மாறிவிடுகிறது.

அறிவியல் புனைகதைப் படங்களில் டெனி வில்நவ் இயக்கிய 'அரைவல்' (2016) படத்தை மீண்டும் பார்த்தேன். மொழியியலாளர் லூயிஸ் வெள்ளைப் பலகையில் 'மனிதர்' என்று எழுதிக் காட்ட, தடுப்புக்கு அப்பாலுள்ள வேற்றுக்கிரகவாசிகளிடமிருந்து மைப்புகை போன்ற வட்டம் ஒன்று விரிந்து விடையளிக்கும் காட்சியில் இம்முறையும் கண்கலங்கினேன்.

'செர்னோபில்' பாட்காஸ்ட்டை முன்கூட்டியே கேட்டுவிடாதீர்கள். அந்தந்தப் பகுதியைப் பார்த்த பின்னரே கேளுங்கள்.