முப்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கும் ஒரு சைக்கிள் பந்தயம்: டெல்டா மாவட்ட விளையாட்டு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் விளையாட்டு அலுவலர்களுக்கு வணக்கம்.

பாபநாசத்தில் உரக்கடை நடத்திக்கொண்டு, கடை திறக்கும் முன் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு வரும் 52 வயதுக்காரன் எழுதுகிறேன். அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டித் தாங்கள் நடத்தும் மிதிவண்டிப் போட்டி 13, 15, 17 வயதுக்குட்பட்ட மாணவ மாணவியரோடு முடிந்துவிடுகிறது. அதே பிறந்தநாளையொட்டிய நெடுந்தூர ஓட்டத்தில் 25 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. எங்கள் வயதினர் ஓடலாம், மிதிக்கக் கூடாது என்று யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். கேட்க ஆளில்லாமல் விடுபட்டிருக்கும். ஆகவே கேட்கிறேன். 35 வயதைக் கடந்தவர்களுக்கு மாஸ்டர்ஸ் எனப்படும் மூத்தோர் பிரிவில் ஒரு சாலைப் பந்தயம் வேண்டும். தொடக்கத்தில் அது கூட்டமாகப் புறப்படும் பந்தயமாக இல்லாமல், நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படும் நேரப் பந்தயமாக இருக்க வேண்டும்.

பின்னதை வலியுறுத்துவதற்கு என் இடது முழங்கையில் தழும்பு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்ப் பந்தயம் ஒன்றில், 35 வயதுக்கு மேல் என்று ஒரே பிரிவாக வைத்து, 36 வயது இளைஞரையும் 60 கடந்த பெரியவரையும் ஒன்றாகவே விட்டார்கள். குறுவை அறுவடைக் காலம். வளைவைத் தாண்டியதும் சாலையின் பாதி அகலத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தது. முன்னால் போனவர் விலகிவிட்டார். அவர் முதுகைத் தவிர வேறெதையும் பார்த்திராத நான் நேரே அதில் ஏறினேன். வைக்கோல் பின்சக்கரப் பற்களில் சுற்றிக்கொள்ள, கியர் இறுகிச் சக்கரம் நின்றது. என்மேல் மூவர் விழுந்தார்கள். காயவைத்த விவசாயியை நான் குறை சொல்லவில்லை. களம் இல்லாத ஊரில் சாலைதான் களம், அந்த வைக்கோலுக்கு என் கடை உரமும் போயிருக்கக் கூடும். அந்தச் சாலையைப் பந்தயத்துக்கு முன் ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

மலைப்பாதையில் இந்தச் சிக்கல் குறைவு. ஏற்றமே வலுத்தவரையும் இளைத்தவரையும் பிரித்துவிடும். நம் பகுதியில் ஏற்றம் என்றால் தஞ்சையிலிருந்து திருவையாறு போகும் வழியில் ஆறுதோறும் வரும் பாலம்தான். சமதளத்தில் முன்னவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால் காற்று அவர்மேல் மோதும். பின்னால் வருபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதனால் யாரும் உதிராமல் மொத்தக் கூட்டமும் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்கிறது. கடைசி 200 மீட்டரில்தான் எல்லாரும் ஒரே இடைவெளியில் நுழையப் பார்க்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்த மேல்காற்று நாகப்பட்டினம் - வேதாரண்யம் சாலையில் பக்கவாட்டில் அடிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். காற்றுக்கு ஒதுங்க ஓட்டுபவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்வாக அணிவகுப்பார்கள். அந்தச் சாய்வு வரிசை சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். பாதிச் சாலையை மட்டும் மறித்துவிட்டு மறுபாதியில் பேருந்தை விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரப் பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டுவதே விதிமீறல். போகவர இருபது கிலோமீட்டர் வைத்தால், போகும்போது தள்ளிவிட்ட காற்று திரும்பும்போது கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். மாணவர் போட்டி முடிந்த காலையிலேயே, அதே சாலையில், அதே ஆம்புலன்ஸையும் காவலர்களையும் வைத்து நடத்திவிடலாம்.

வயதுப் பிரிவுக்குப் புதிதாக யோசிக்க வேண்டாம். பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் தொழில்முறை சாராதவர்களுக்காக நடத்தும் கிரான் ஃபோண்டோ உலகத் தொடர் என்ற சாலைப் பந்தயங்களில் 35 - 39, 40 - 44 என ஐந்தைந்து ஆண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் முதல் 25 விழுக்காட்டினரை இறுதிப் போட்டிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதே வயது. பிறந்த மாதத்தை வைத்துத் தகராறு எழாது. கியர் சைக்கிளுக்கும் சாதாரண சைக்கிளுக்கும் தனித்தனிப் பட்டியல் போட வேண்டும், இல்லையேல் பந்தயம் பணப்பைகளுக்கிடையே நடக்கும். தலைக்கவசமும் மருத்துவர் சான்றும் கட்டாயமாக்குங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் விளையாடும்போது திடீரென உயிரிழப்பதற்குப் பெரும்பாலும் இதயத் தமனி அடைப்பே காரணம். எங்களில் பலர் அதைச் சோதித்துப் பார்க்காமல் வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நான் உட்பட.

பரிசுத் தொகை கேட்கவில்லை. நேரம் குறித்த ஒரு தாள் போதும். அடுத்த அறிவிப்பில் எங்களுக்கென ஒரு வரி சேர்த்து, பந்தயம் எந்தச் சாலையில் என்று முன்கூட்டித் தெரிவித்தால், முந்தைய நாள் மாலை துடைப்பத்தோடு வந்து அதைப் பெருக்கிவைப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பாபநாசத்திலிருந்து ஒரு சைக்கிள்காரன்