கிண்டியில் கன்று நடும் முன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் சென்னைக்கே மாற்றலாகி வந்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. கிண்டி தேசியப் பூங்காவில் வெட்டவெளியாகக் கிடக்கும் இடங்களில் கன்று நட அவளுடைய நண்பர்கள் அனுமதி கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல். காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்தக் காடு மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 1910-ல் காப்புக்காடாக அறிவித்தபோது இன்னும் பெரிது. ஐ.ஐ.டி.க்கும் ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களுக்கும் கொடுத்தது போக மிஞ்சியதுதான் 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. ஓங்கி வளர்ந்த மரக்காடு அல்ல இது; உலர் பசுமைமாறாப் புதர்க்காடு. களா, சூரை, காரை, காட்டு எலுமிச்சை எல்லாம் முள்ளும் தடித்த இலையுமாகப் பின்னிக் கிடக்கும். நடுநடுவே பனை, இடையிடையே புல்வெளி. அந்தப் புல்வெளியைத்தான் 'காலி இடம்' என்கிறார்கள்.

அந்தப் புல்வெளியை நம்பி வாழ்வது வெளிமான். அதன் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஆபத்தைத் தூரத்திலேயே கண்டு, ஓடித் தப்பும் விலங்கு. புதர் மூடிவிட்டால் தெருநாய் நெருங்குவதும் தெரியாது, வேகம் எடுக்க இடமும் இராது. ஆண் வெளிமான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு எல்லை குறிப்பதும் திறந்த வெளியில்தான். புள்ளிமான் அப்படியில்லை. புல் மேயும், தழை கடிக்கும், உதிர்ந்த பழம் பொறுக்கும், நிழலில் ஒதுங்கும். காடு அடர அடர அதற்குக் கொண்டாட்டம். வெளிமானுக்கு இடம் சுருங்கும்.

அவர்களுக்கு உழைக்க ஆசை இருந்தால், சீமைக்கருவேலத்தைப் பிடுங்க வனத்துறையிடம் அனுமதி கேட்கட்டும். அதன் இனிப்பான நெற்றை மான் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து மேய்ச்சல் வெளியிலேயே முளைக்கும். தரையோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகளாகத் துளிர்க்கும். ஓரடி ஆழமாவது தோண்டி வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது எளிது. பொக்லைன் மட்டும் வேண்டவே வேண்டாம்: களாவும் காரையும் சேர்ந்து போகும், கிளறிய மண்ணில் களை மண்டும். அடுத்த மழைக்காலங்களிலும் போய் நாற்றுகளைப் பிடுங்காவிட்டால் பட்ட பாடு வீண்.

இன்னொன்று, மதிலோரம் சாப்பாட்டு மிச்சத்தோடு வீசப்படும் பிளாஸ்டிக் பை. உப்பு வாசனைக்கு மான் பையையும் சேர்த்து விழுங்கிவிடும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது சுருண்டு தங்கிவிட்டால் வெளியேற வழியில்லை. தீனிக்கு இடமில்லாமல் மெலிந்து சாகும். வாரம் ஒருமுறை வெளிப்புறச் சுவரோரம் பொறுக்கினாலே பெரிய உபகாரம். வெளியே பொறுக்குவதுதானே, காட்டுக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

பேத்தியைக் கூட்டிப்போவதானால் ஒன்று சொல்லிக்கொடு: முறுக்கிய கொம்பு வெளிமானுக்கு, அது விழாது, கிளைத்த கொம்பு புள்ளிமானுக்கு, அது விழுந்து மறுபடி முளைக்கும். குளிர்காலம் என்றால் புதரடிச் சருகைப் பார்க்கச் சொல். ஆறுமணிக்குருவி இரை தேடுவது அங்கேதான்.

போகும் நாள் முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்