சிம்னியைப் பார்

சூரமங்கலம், சேலம் 5
கார்த்திகை 9

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படத்தொகுப்பு சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கைபேசித் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது புலப்படாத பல விவரங்கள், தாளில் அச்சான பிறகுதான் என் கண்ணுக்கு அகப்படுகின்றன. நூற்றுப் பன்னிரண்டு படங்களையும் மூன்று முறை பார்த்துவிட்டேன். ஜெர்மனியின் மைனிங்கன் நகரில் நடந்த நீராவி இன்ஜின் திருவிழாவில் இரண்டு நாளும் உன் பக்கத்தில் நின்றவன் என்பதோடு, ஒரு காலத்தில் நீராவி இன்ஜினில் வேலை செய்து சோறு தின்றவன் என்பதாலும், மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதல் பக்கத்தில் வைத்திருக்கிறாயே, வானத்தில் பாதியை மறைக்கும் கரும்புகையோடு ஓர் இன்ஜின் வளைவில் திரும்பும் படம், அதிலிருந்தே தொடங்குகிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் புகழ்கிறார்கள். ஆனால், அந்த வண்டி ஒருமுறை போய், பின்னுக்கு வந்து, கேமராக்காரர்களுக்காகவே மறுபடியும் ஓடி வந்தது என்பதும், வருவதற்குச் சற்று முன்னால் ஃபயர்மேன் நாலைந்து மண்வெட்டிக் கரியை வேண்டுமென்றே அள்ளிப் போட்டான் என்பதும் நமக்குத் தெரியும். உன்னைச் சுற்றி நின்றவர்கள் ஆரவாரித்தபோது நான் மட்டும் ஏன் தலையில் கை வைத்துக்கொண்டேன் என்று அன்று கேட்டாய். அந்தக் கூச்சலில் பதில் சொல்ல முடியவில்லை.

1979ஆம் ஆண்டு, சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போகும் மீட்டர் கேஜ் பாதையில் நான் செகண்ட் ஃபயர்மேன். வாழப்பாடி தாண்டியதும் கேஜில், அதாவது அழுத்தமானியில், ஆவி அழுத்தம் குறைவதைப் பார்த்துப் பதறி, நெருப்புப் பெட்டி நிறையக் கரியை வாரிக் கொட்டிவிட்டேன். சிம்னியிலிருந்து நீ எடுத்த படத்தில் இருப்பதைப் போலவே கரும்புகை கிளம்பியது. அன்று இன்ஜினில் எங்களோடு வந்த ஆய்வாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் குறிப்பேட்டை எடுத்து எழுதினார். பத்து நாளில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கரும்புகை என்பது எரியாமல் வெளியே ஓடும் கரி. ஒரேயடியாகக் கொட்டினால் காற்றுப் போதாமல் நெருப்பு மூச்சுத் திணறும். சூடு தண்ணீருக்குப் போவதற்குப் பதில் கரி புகையாகி வானத்துக்குப் போய்விடும். கொஞ்சங்கொஞ்சமாக, அடிக்கடி, நெருப்பு எங்கே வெளுத்திருக்கிறதோ அந்த இடம் பார்த்துத் தூவ வேண்டும். என் டிரைவர் வழி நெடுக எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "டேய், கேஜைப் பார்க்காதே, சிம்னியைப் பார்." லேசான சாம்பல் நிறத்தில் புகை போனால் அவர் பீடி பற்றவைப்பார், கறுத்தால் பீடியைக் கீழே போட்டுவிடுவார். எந்தப் புகைக்காக எனக்கு மெமோ வந்ததோ, அதே புகைக்கு மைனிங்கனில் கைத்தட்டல் கிடைத்தது என்றால் நான் தலையில் கை வைக்காமல் வேறு என்ன செய்வேன்?

அதற்காக அந்தப் படத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. முப்பத்தோராம் படத்தைப் பார். விடிந்தும் விடியாத நேரத்தில், வெண்பஞ்சுப் பொதி போன்ற ஆவி பெட்டிகளின் மேல் படிந்து கிடக்க, ஒரு வண்டி நிலையத்துக்குள் நுழைகிறது. அது உண்மையான ஆவி. சிலிண்டரில் வேலை முடித்துச் சிம்னி வழியே வெளியேறும் ஆவி, குளிர்காற்றுப் பட்டதும் சிறுசிறு நீர்த்துளிகளாகித் தன்னை வெளிக்காட்டிக்கொள்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதே அளவு ஆவி வெளியேறினாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. மார்கழி விடியலில், சேர்வராயன் மலை பனிக்குள் பாதி மறைந்திருக்கும் வேளையில் சேலம் டவுனில் நின்ற எங்கள் வண்டிகளும் அந்தப் படத்தில் இருப்பதைப் போலத்தான் இருந்தன. அதை எடுக்க அன்று எவரிடமும் கேமரா இல்லை.

நாற்பத்தேழாம் படத்துக்கு உன்னைக் கண்டிக்க வேண்டும். இன்ஜின் கிளம்பும் கணத்தில் சக்கரங்களுக்கு முன்னால் இரு பக்கமும் பீறிடும் ஆவியை, கயிற்றைத் தாண்டிப் போய் மண்டியிட்டு எடுத்திருக்கிறாய். அது வேடிக்கைக்காக விடுவதன்று. நின்ற இன்ஜினின் சிலிண்டருக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கியிருக்கும். தண்ணீரை அமுக்க முடியாதாகையால், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் அதன்மேல் மோதிச் சிலிண்டரின் மூடியையே பெயர்த்துவிடும். அதனால்தான் கீழேயுள்ள குழாய்களைத் திறந்து, முதல் சில சுற்றுகளுக்குத் தண்ணீரையும் ஆவியையும் வெளியே தள்ளுகிறார்கள். முழங்கால் உயரத்தில் கொதித்து வரும் அது முகத்தில் அடித்திருந்தால் என்னாவது? படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்பது என் கோபத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

சக்கரப் படங்களில் உன் பொறுமை தெரிகிறது. இணைப்புத் தண்டு கீழிறங்கி, சக்கரங்கள் முழுதாகத் தெரியும் கணத்துக்காக நீ காத்திருந்ததை நான் கவனித்தேன். ஜெர்மனியின் 01 வகை இன்ஜினின் பெரிய சக்கரம் இரண்டு மீட்டர் உயரம். என்னை அதன் அருகில் நிறுத்தி நீ எடுத்த படத்தில், விளிம்பு என் தலைக்கு மேல் ஓர் அடிக்கும் அதிகமாக நிற்கிறது. நான் கரி அள்ளிய ஒய்.பி. வகை மீட்டர் கேஜ் இன்ஜினுக்கும் அதே சக்கர அமைப்புத்தான், முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு. ஆனால் அதன் பெரிய சக்கரம் நாலரை அடி. பெரியப்பா வீட்டுக்குப் போன சின்னப் பையனைப் போல அன்று நான் அண்ணாந்து நின்றதை நீ எடுக்காமல் விட்டது நல்லது.

எனக்கு உள்ள மனக்குறை வேறு. மைனிங்கன் நீராவி இன்ஜின் பணிமனைக்குள் நாம் மூன்று மணி நேரம் சுற்றினோம். தொகுப்பில் அதற்கு நான்கே படங்கள். திருவிழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சக்கரம் கழற்றிய இன்ஜின்களும், குழாய்கள் உருவப்பட்டுக் கூடாக நின்ற கொதிகலன்களும் அந்தக் கூடத்தில் இருந்தன. இங்கிலாந்தில் புதிதாகக் கட்டி 2008இல் ஓடத் தொடங்கிய டொர்னேடோ என்னும் இன்ஜினின் கொதிகலன் அந்தப் பணிமனையில் உருவானதுதான். 2009இல் பால்டிக் கடலோரத்துச் சிறு ரயில் பாதை ஒன்றுக்கு முழு நீராவி இன்ஜினையே அங்கே புதிதாகக் கட்டினார்கள். எண்ணெய்க் குவளையோடு சக்கரங்களுக்கு இடையில் குனிந்து போன பெண்ணைப் பற்றி வழியெல்லாம் பேசினாயே, அவள் ஒரு படத்திலும் இல்லை. ஓடும் இன்ஜினை ஆயிரம் பேர் எடுக்கிறார்கள். அதை ஓட வைக்கும் கைகளை எடுக்க எவருக்கும் நேரம் இருப்பதில்லை. உனக்காவது இருந்திருக்கலாம்.

தை மாதம் நீ வரும்போது இதற்கு ஒரு வழி செய்யலாம் என்றிருக்கிறேன். 2007இல் சேலம் ரயில்வே கோட்டம் உருவானதிலிருந்து நீலகிரி மலை ரயிலும் நம் கோட்டத்துக்கு உட்பட்டதுதான். சுவிட்சர்லாந்தில் கட்டிய பழைய இன்ஜின்களுக்குத் துணையாக, திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு வண்டி கிளம்பும். ஆனால் நாம் ஐந்தரைக்கே போய்விட வேண்டும், ஏனென்றால் நீ எடுக்க வேண்டியது கிளம்புவதற்கு முன்னால் நடக்கும் வேலையை. மலை ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளுமாகையால், முன்பக்கம் நின்று எடுப்பவர்களுக்கு நீலப் பெட்டிதான் கிடைக்கும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே, இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்வரிசை தொடங்கும். ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி, இன்ஜின் பக்கம் போய்விடு. கயிறு இல்லாவிட்டாலும் தள்ளியே நில்.

உன் தேதி உறுதியானதும் எழுது. முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பே திறந்துவிடும், திறந்த அன்றே இடம் பிடிக்க வேண்டும். மைனிங்கனில் வெள்ளைச் சால்வையில் விழுந்த கரித்தூளை உன் அம்மா இன்னும் மறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் சட்டையில் துவைத்தது போதாதா என்று கேட்டுக்கொண்டே, மேட்டுப்பாளையத்துக்கென்று பழைய புடவை ஒன்றைத் தனியாக மடித்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா