விட்டுப்போன வாரங்களை விட்டுவிடு

பாப்பா,

உன் மெயில் வந்தது. கூடவே அனுப்பியிருந்த அட்டவணையையும் பார்த்தேன். ஊரில் இருந்தபோது ஓடாமல் விட்ட தூரத்தையெல்லாம் கூட்டி, காம்ரேட்ஸுக்கு, அதாவது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கும் அந்த 87 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, மீதி இருக்கும் எட்டு வாரத்தில் பிரித்துப் போட்டிருக்கிறாய். கணக்கு சரிதான். கால் அதை ஒத்துக்கொள்ளாது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றதும் கிளம்பி வந்தாய். ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அழைத்து வந்து, அவர் தானாக மாடிப்படி ஏறும் வரைக்கும் இருந்தாய். அதை மெயிலில் 'வீணாய்ப்போன வாரங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு மெயிலைப் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் தாண்டிவிட்டேன். நீ வேறு அர்த்தத்தில் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நினைப்பை முதலில் எடுத்துப் போடு. கடன் என்று நினைத்தால் அடைக்கத்தான் தோன்றும், அடைக்கப் போனால் கால் போய்விடும்.

ஓட்டத்தை நிறுத்தியதும் உடம்பில் முதலில் குறைவது ரத்தத்தின் அளவு, அதிலும் பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி. ஜோஹன்னஸ்பர்க் திரும்பிய முதல் வாரம் நெஞ்சு படபடவென்று அடித்தது என்றாயே, அதற்கு அது ஒரு காரணம். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இத்தனை நாள் இருந்துவிட்டு 1,700 மீட்டர் உயரத்தில் போய் ஓடினால் மூச்சும் வாங்கத்தான் செய்யும். இதெல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு வேகமாகப் பழகாது. மூச்சு திரும்பிவிட்டது என்கிற தைரியத்தில் தூரத்தைக் கூட்டும்போதுதான் அடிபடும். நீ சனிக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை அதைவிட நீண்ட ஓட்டம் என்று அடுத்தடுத்து ஓடினாய். அந்த வாரமே ஷின் வலி, அதாவது கால் முன்னெலும்பு வலி, வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மாவட்டப் போட்டிக்கு முந்தின மாதம் எத்தனை பிள்ளைகள் இதே வலியோடு வந்து நிற்பார்கள் தெரியுமா! லீவில் சும்மா இருந்துவிட்டு, வந்ததும் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடிக்கப் பார்த்த பிள்ளைகள்தான் எல்லாம்.

வலி எப்படிப்பட்டது என்று இன்றைக்கே பார். கால் முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில் நீளவாக்கில், அங்கே இங்கே என்று பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் அது தசையும் எலும்புறையும் கோபித்துக்கொண்டது. ஓய்வு கொடுத்து, தூரத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரு விரல் வைத்து அழுத்தினால் "இந்த இடம்தான்" என்று சொல்லும்படி வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது சுரீர் என்றால், ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ எடுத்தால்தான் பிடிபடும். 'எக்ஸ்ரே நார்மல்' என்று எனக்கு மெசேஜ் அனுப்பி ஏமாற்றாதே.

பரவலான வலிதான் என்றால் மேலே படி.

முதல் இரண்டு வாரம் வலிக்காத அளவுக்கு மட்டும் ஓடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடுவில் சைக்கிளோ நீச்சலோ. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை 24, 30 கிலோமீட்டர் என்று கூட்டு. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரே ஒரு பெரிய நாள் வைத்துக்கொள். அன்றைக்குத் தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்: ஓட்டமும் நடையுமாக ஐந்து மணி நேரம். 40 கிலோமீட்டரைத் தொட்டால் நல்லது, தொடாவிட்டாலும் ஒன்றும் குறையாது. அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டே வா. கடைசி மூன்று வாரத்தில் கூடுதலாக ஓடி எதையும் சம்பாதிக்க முடியாது, களைப்பைத்தான் சேர்க்க முடியும். கேப் டவுனில் ஏப்ரலில் நடக்கும் டூ ஓஷன்ஸ் 56 கிலோமீட்டரை விட்டுவிட்டேன் என்று வருத்தப்பட்டாய். என்னைக் கேட்டால் இந்த வருஷம் நீ செய்ததிலேயே புத்தியான காரியம் அதுதான். அந்த 56ஐத் தனியாக ஓடிப் பார்க்கிறேன் என்று மே மாதக் கட்டத்தில் போட்டிருக்கிறாயே, அதை அழி.

வாரத்தில் ஒரு நாள் நார்த்கிளிஃப் மேட்டுக்குப் போ. ஏறுவதற்கு மட்டும் இல்லை, இறங்கிப் பழகவும்தான். இந்த வருஷம் டர்பனிலிருந்து மேலே போகிற 'அப் ரன்' என்பதால் இறக்கமே இருக்காது என்று நினைத்துவிடாதே. போத்தாஸ் ஹில் ஏறி முடித்து டிரம்மண்டுக்கு இறங்கும் சரிவில் தொடையை அடித்துக்கொண்டால், பாதி வழியிலேயே கதை முடிந்துவிடும். தொடைத்தசை ஒரு தடவை இறக்கத்தில் அடி வாங்கினால் அடுத்த தடவை அதே அடியைத் தாங்கிக்கொள்ளும். அந்த முதல் அடி பயிற்சியிலேயே கிடைத்துவிட வேண்டும்.

நீ பதிவு செய்ததிலிருந்து நானும் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து பெரிய மேட்டின் பெயரும் எனக்கு மனப்பாடம்: கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, கடைசியில் பாலி ஷார்ட்ஸ். அந்த வழியில் ஆர்தர் நியூட்டன் என்று ஒருவருக்கு ரோட்டோர மண்மேட்டில் ஓர் இருக்கை இருக்கிறது. ஓடுகிறவர்கள் அதில் பூ வைத்து, அவருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்களாம். அவர் ஒரு விவசாயி. நிலத் தகராறில் அரசாங்கம் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று, நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும் என்பதற்காக 1922 ஜனவரியில் ஓட ஆரம்பித்தார். அந்த மே மாதமே காம்ரேட்ஸில் ஜெயித்தார். வயது 39. மொத்தம் ஐந்து முறை ஜெயித்திருக்கிறார். அப்படியானால் எட்டு வாரம் போதாதா என்று கேட்காதே. அவர் நிறைய தூரம் ஓடினார், ஆனால் மெதுவாக ஓடினார். அதை மட்டும் எடுத்துக்கொள்.

எனக்குப் பிடித்தது 1923இல் ஓடிய ஃபிரான்சிஸ் ஹேவர்ட். பெண் என்பதால் பதிவு செய்ய மாட்டோம் என்றார்கள். அவர் கேட்கவில்லை, ஓடினார், 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். மெடல் கொடுக்கவில்லை. வேடிக்கை பார்த்த ஜனங்களே பணம் சேர்த்து ஒரு வெள்ளி டீ செட் வாங்கிக் கொடுத்தார்கள். பெண்களையும் கறுப்பின மக்களையும் முறைப்படி சேர்த்துக்கொண்டது 1975இல்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைத்ததே 1984இல். நான் மைதானத்தில் விசில் ஊத ஆரம்பித்த காலத்தில் "பொம்பளைப் பிள்ளைங்க இவ்வளவு தூரம் ஓடலாமா டீச்சர்?" என்று அப்பாமார்கள் வந்து கேட்டது 3,000 மீட்டருக்கு!

சரி, கணக்குக்கு வருவோம். 87 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 16 விநாடி கிடைக்கிறது. உன் மாரத்தான் நான்கரை மணி நேரம், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. இதைப் பார்த்ததும் நிறைய நேரம் இருக்கிற மாதிரித் தெரியும், நம்பாதே. 67 கிலோமீட்டரை 7 நிமிடம் 10 விநாடி வேகத்தில் ஓடினால் 8 மணி நேரம். மீதி 20 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 10 நிமிடம் என்று வேகமாக நடந்தால் 3 மணி 20 நிமிடம். ஆக 11:20. மிச்சம் 40 நிமிடம்தான், அதற்குள் பாத்ரூம், தண்ணீர், ஷூவுக்குள் போன கல், பின்வரிசையில் நின்று புறப்படும் கோட்டுக்கு நகர்ந்து வரும் நேரம் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே நடையையும் பழக வேண்டும். சோர்ந்துபோய் நடப்பது 10 நிமிடத்தில் வராது, 14, 15 ஆகிவிடும். கௌவீஸ் மேட்டில், கால் புதிதாக இருக்கும்போதே நடக்க ஆரம்பி. பக்கத்தில் எல்லோரும் ஓடுவார்கள், ஓடட்டும். நடுவில் இருக்கும் கட்-ஆஃப் நேரங்களை, அதாவது எந்த இடத்தை எத்தனை மணிக்குள் தாண்டாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்பதை, இந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக் கையில் எழுதிக்கொள்.

12 மணிக்குள் முடிக்க வைப்பவர்கள் கொடி பிடித்துக்கொண்டு கூட்டமாக ஓடுவார்களாம், அதற்கு 'பஸ்' என்று பெயர், முன்னால் ஓடுகிறவர் டிரைவர். கட்-ஆஃபில் விழுந்தவர்களை ஏற்றிக்கொண்டு போக நிஜ பஸ்ஸும் பின்னால் வருமாம். முதலில் சொன்ன பஸ் கிடைத்தால் ஒட்டிக்கொள். அந்த டிரைவர்களுக்கு எந்த மேட்டில் நடப்பது என்று அத்துபடி.

சாப்பாட்டைப் பயிற்சியிலேயே பழக்கு. மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொண்டால் 60 வரை போகலாம். பெரிய வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கும். வழியில் உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கோலா எல்லாம் கொடுப்பார்கள். தண்ணீர் பாக்கெட்டில் வரும், நம் ஊர் மாதிரி மூலையைக் கடித்துக் குடிக்க வேண்டியதுதான், அதில் உனக்குப் பயிற்சி வேண்டாம். தாகம் எடுத்தால் குடி. பயத்தில் குடிக்காதே. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும். இதைப் பற்றி 1985இல் எழுதியவர்களில் அந்த நாட்டு டாக்டர் டிம் நோக்ஸும் ஒருவர். வலி மாத்திரை, அதுவும் ஐபுப்ரோஃபென் மாதிரியானவை, ஓடும்போது வேண்டவே வேண்டாம். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது கிட்னியைக் கெடுக்கும். மாத்திரை போட்டால்தான் புறப்பட முடியும் என்றால் புறப்படாதே.

மே கடைசி ஞாயிறு முடிவு நாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் சாதாரணமாக ஓடு. மறுநாள் காலையில் ஷின் சும்மா இருந்தால் போ. வலித்தால் இந்த வருஷம் இல்லை, பதிவுக் கட்டணம் போனால் போகட்டும். நீ முடித்துவிடுவாய் என்று நான் வாக்கு கொடுக்க மாட்டேன். உன்னிடம் இருக்கும் பயிற்சிக்கு வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவுக்காக ஓடுகிறேன் என்று வேண்டுதல் மாதிரி எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. அவருக்கு ஏற்கனவே மாத்திரை டப்பா நிறைய கவலை இருக்கிறது. டிரம்மண்டில் நிறுத்த வேண்டியிருந்தால் அவரை நினைத்து இன்னும் 10 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே நிறுத்து.

முடித்தால் மறுநாள் உடனே ஜோஹன்னஸ்பர்க் திரும்பாதே. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனைப் போய்ப் பார். 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது அங்கேதான். தில்லையாடி வள்ளியம்மை கடுங்காவல் இருந்ததும் அந்த ஊர் ஜெயிலில். வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள், பதினாறு வயதுப் பெண். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் கதையைச் சொல்லியிருக்கிறேன், அந்த ஊரை நான் பார்த்ததில்லை. படிக்கட்டு இறங்க முடியாமல் பக்கவாட்டில் நடந்துகொண்டிருப்பாய், பரவாயில்லை, மெதுவாகப் போ.

உன் பெரியம்மா, "87 கிலோமீட்டர் ஓடினால் என்ன தருவாங்க?" என்று கேட்டார். 11 மணிக்கு மேல் 12 மணிக்குள் வந்தால் விக் கிளாப்ஹம் என்று ஒரு செம்பு மெடல் என்றேன். எவ்வளவு பெரிசு என்றார், விரலால் காட்டினேன். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

புது அட்டவணை போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, சிவப்பு பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். பிப் நம்பர், அதான் சட்டையில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண், வந்ததும் அதையும் அனுப்பு. நமக்கும் உனக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் என்பதால் உன் கடைசி மேடு இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வரும். லைவை எப்படி டிவியில் போடுவது என்று அப்பா பக்கத்து வீட்டுப் பையனிடம் இப்போதே கேட்டு வைத்துவிட்டார்.

அம்மா