பயண நிதி தரும் பெரியவர்களுக்கு, அல்சூரிலிருந்து

பெங்களூரு ஆய்வு நிறுவனங்களில் வெளிநாட்டுப் பயண நிதியை முடிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். பகலில் அலுவலகம் போய்விட்டு, இரவில் தமிழில் அறிவியல் எழுதுகிறவன் நான். போன ஆண்டு லண்டனில் அறிவியல் வலைப்பதிவர்கள் கூடினார்கள். பத்து நிமிடம் பேச எனக்கும் அழைப்பு வந்தது. இங்கே ஒரு நிறுவனத்தில் உதவி கேட்டேன். "ஆய்வுக் கட்டுரை வாசிக்கிறீர்களா?" என்றார்கள். இல்லை என்றதும் விண்ணப்பம் திரும்பி வந்தது. அக்கா வளையலை அடகு வைத்துக் கொடுத்தாள். போனேன்.

அங்கே நான் சொன்னது கோலார் தங்கவயலின் கதை. என் தாத்தாவும் பெரியப்பாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர்கள். அந்தச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-ல் மும்பை, ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆய்வாளர்கள் சேர்ந்து, எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகளான நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோ அது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இன்னொரு குழு அதைக் கண்டது. ஏன் அவ்வளவு ஆழம்? அதே மோதலில் பிறந்து மேலிருந்து கொட்டும் மியூவான் என்ற துகள்களைப் பாறை வடிகட்டிவிடும். மிஞ்சி வருவதும் பெரும்பாலும் நேர் கீழாகத்தான் வரும். ஆகவே பக்கவாட்டில் ஒரு மியூவான் பாய்ந்தால், அது பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்தது என்று சொல்லலாம். அதனால்தான் கருவிகளைச் சுவர் போல நிறுத்தி வைத்தார்கள்.

பேசி முடித்ததும் டர்ஹாமில் படித்த ஒருவர் எழுந்து, "எங்கள் பல்கலைக்கழகமா? எனக்கே தெரியாதே" என்றார். தேநீர் இடைவேளையில் வெல்ஷ் மொழியில் எழுதும் ஒரு அம்மா, எதை எழுதினாலும் வெளியிடும் முன் தன் தாயாருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். எந்த வரியில் அவர் "என்ன?" என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துவாராம். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான்.

திரும்பி வந்ததும் தங்கவயலுக்குப் போய், கட்டுரையைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "நம்ம மைன்ஸ்லயா? எண்பதுகள்ல இரும்புக் குழாய் குழாயா நாங்கதான்டா கீழே இறக்கினோம். எதுக்குன்னு யாரும் சொல்லலையே" என்றார். அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று பார்க்க அமைத்த கருவிக்கானவை அந்தக் குழாய்கள். அன்று சாயங்காலம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்; நான் வரியை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஐயா, அம்மா, நான் கேட்பது பெரிய தொகை இல்லை. தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ அறிவியல் எழுதுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் ஒரு வரி சேருங்கள். கட்டுரைப் பட்டியலுக்குப் பதிலாக எழுதியதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். போய் வந்தவர் தன் மொழியில் நாலு பள்ளிகளில் பேச வேண்டும் என்று நிபந்தனையும் போடுங்கள், சந்தோஷமாகச் செய்வோம்.

அடுத்த கூடுகைக்குக் கன்னடத்தில் எழுதும் என் நண்பருக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவருக்கு அடகு வைக்க வளையல் இல்லை. அவருடைய விண்ணப்பம் இந்த மாதக் கடைசியில் உங்கள் மேசைக்கு வரும்.

இப்படிக்கு,
தமிழில் அறிவியல் எழுதும் ஒருவன்
அல்சூர், பெங்களூரு