ஐசனாவரின் தாயார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் நடந்த நார்மண்டி படையிறக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படை நகர்வுகளையும் வானிலைக் கணிப்பையும் தெளிவாக விளக்கிய கட்டுரையாளர், அதை நடத்திய அமெரிக்கத் தளபதி டுவைட் ஐசனாவரின் அன்னை ஐடாவைப் 'பக்தியுள்ள தாய்' என்று இரண்டே சொற்களில் கடந்துவிட்டார். அந்தப் பக்திதான் மகன் ஏற்ற தொழிலுக்கு எதிராக நின்றது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஐடா 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் பிறந்தவர். படைகள் வயல்களையும் களஞ்சியங்களையும் எரித்துச் சென்ற பூமி அது. சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்த அவர், ஆறே மாதங்களில் 1,365 வேதாகம வசனங்களை மனப்பாடம் செய்தார் என்று குடும்பத்தார் பெருமையுடன் சொல்வதுண்டு. பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், தம் பங்காக வந்த பணத்தைக் கொண்டு கான்சாஸில் இருந்த லேன் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு பியானோவும் வாங்கினார்; கடைசிவரை அதை விடவில்லை. அக்கல்லூரியில் சந்தித்த டேவிட் ஐசனாவரை 1885இல் மணந்தார்.

கணவரின் கடை நொடித்தது. டெக்சாஸில் சில ஆண்டுகள் வறுமையில் கழித்தபின், கோதுமை விளையும் கான்சாஸின் அபிலீன் என்னும் சிற்றூரில் குடியேறினர். கணவர் வெண்ணெய் ஆலையில் வேலை பார்க்க, வீட்டையொட்டிய நிலத்தில் காய்கறி, பசு, கோழிகளோடு ஐடா பிள்ளைகளை வளர்த்தார். ஏழு மகன்களில் ஒருவனான பால், 1895இல் கைக்குழந்தையாகவே தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். அதன்பின் அவர், பிற்காலத்தில் யெகோவாவின் சாட்சிகள் எனப் பெயர்பெற்ற, 'வேத மாணவர்' என்னும் கிறிஸ்தவக் குழுவில் சேர்ந்தார். பல ஆண்டுகள் அக்குழுவின் கூட்டங்கள் அவர் வீட்டிலேயே நடைபெற்றன. கணவரின் முன்னோர் சார்ந்த ரிவர் பிரதரன் சபையும் ஆயுதம் ஏந்துவதை ஏற்காததே. குடும்ப வரலாறு எழுதியவர்களில் பலர் இந்தப் பழைய சபையை மட்டும் குறிப்பிட்டு, அன்னையின் பிற்கால நம்பிக்கையை மெல்ல மறைத்தனர். தளபதிக்கு அது சங்கடம் என்று கருதினார்கள் போலும்!

பத்து வயதில், அண்ணன்மாருடன் வெளியே போக அனுமதி கிடைக்காத ஆத்திரத்தில், டுவைட் ஆப்பிள் மரத்தைக் குத்திக் கைகளை இரத்தக் காயமாக்கிக்கொண்டான். தந்தை பிரம்பால் அடித்தார். பிறகு அறைக்கு வந்த அன்னை காயத்துக்கு மருந்திட்டு, "பட்டணத்தைப் பிடிக்கிறவனைப்பார்க்கிலும் தன் மனதை அடக்குகிறவன் உத்தமன்" என்ற நீதிமொழியைச் சொன்னார். முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் மகன் அதை மறக்கவில்லை. பின்னாளில் பட்டணங்களைப் பிடிக்கப்போகிறவனுக்கே இந்த வசனம் வாய்த்ததை என்னவென்பது?

1911இல் அவன் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, போரைப் பாவமென்று நம்பிய அவர் ஒரு வார்த்தையும் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால், அன்று தாயின் அழுகையை முதல்முறையாகக் கேட்டதாக இளைய மகன் மில்டன் பின்னர் கூறினார். பிள்ளையின் மனச்சாட்சியைத் தன் மனச்சாட்சியால் கட்டிப்போடாத இந்தப் பக்தியை, கண்மூடித்தனமான பக்தி என்று எவரும் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து.

1942 மார்ச்சில் கணவர் இறந்தார். போர்ப்பணியில் இருந்த மகனால் அடக்கத்துக்கு வர இயலவில்லை. 1945 ஜூனில் வெற்றி வீரனாக அவர் ஊர் திரும்பியபோது, நினைவாற்றல் தளர்ந்திருந்த அன்னையும் உடனிருந்தார். "உங்கள் மகனைப் பற்றிப் பெருமைப்படுகிறீர்களா?" என்று கேட்டவரிடம், "எந்த மகனை?" என்று திருப்பிக் கேட்டார் என்பார்கள். 1946 செப்டம்பர் 11 அன்று, 84ஆம் வயதில், அபிலீனில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

1953இல் ஐசனாவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது கைவைத்து உறுதிமொழி கூறிய இரு வேதாகமங்களில் ஒன்று, வெஸ்ட் பாயிண்டில் படிப்பை முடித்தபோது இந்த அன்னை தந்தது. தொடரின் அடுத்த பகுதி அவரது அதிபர் காலத்தைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது ஐடாவின் பெயரையும், அவர் எந்த நம்பிக்கையில் வாழ்ந்தார் என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை